நடுமுற்றத்து மழை

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வருடம் மழை சரியாகப் பெய்யவில்லை. சிங்கப்பூர் முழுவதும் வட்டாரம் வட்டாரமாக முறைவைத்துக் குழாய்த் தண்ணீரை நிறுத்தினார்கள். நாங்கள் அப்போது சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், கடைவீட்டு மாடியில் குடியிருந்தோம். கீழே மளிகைக் கடை. கடைக்காரர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுக் கடைக்குப் பின்னாலேயே தங்கியிருந்தார். எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம். வீடு அவர் பொறுப்பில் இருந்தது. அவருக்கும் மாடியிலிருந்த எல்லா அறைகளுக்கும் சேர்த்து ஒரே குழாய்.

மற்ற அறைகளில் தனி ஆட்கள். எனக்கு மட்டும் மனைவியும் கைக்குழந்தையும். குழந்தைத் துணி அலசுவதற்கே எங்கள் பங்குத் தண்ணீர் போதவில்லை. மற்றவர்கள் பங்கையும் நாங்கள் பிடித்துவிடுகிறோம் என்று புகார் பாயிடம் போனது.

ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது பாய் என்னை நிறுத்தினார்.

"தம்பி, தப்பா நினைக்காதீங்க. பச்சப்புள்ளய வச்சுக்கிட்டு இந்த வீடு உங்களுக்குத் தோதுப்படாது. அடுத்த மாசத்துக்குள்ள வேற ரூம் பாத்துக்குங்க."

நான் தலையை ஆட்டிவிட்டு மாடி ஏறினேன். எனக்கு நாலு பேரிடம் பேச வராது. ஆனால் குழந்தையோடு வருகிறவர்களுக்கு அறை கொடுக்க அந்த வட்டாரத்தில் யாரும் தயாராக இல்லை. அறை கிடைக்காவிட்டால் மனைவியையும் குழந்தையையும் ஊருக்குக் கப்பலேற்ற வேண்டியதுதான்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றாள் மனைவி.

"ஒண்ணும் சொல்லல."

"தலைய ஆட்டியிருப்பீங்க. அது ஒண்ணுதான் உங்களுக்கு நல்லா வரும்."

பழைய கடைவீடுகளின் நடுவே கூரையில்லாத ஒரு முற்றம் இருக்கும். மழை பெய்தால் நான்கு பக்க ஓட்டுத் தண்ணீரும் அதில் விழுந்து சாக்கடைக்குப் போய்விடும். அதைக் காட்டி அவள்தான் சொன்னாள்: "வீட்டுக்குள்ளயே மழை பெய்யுது. நீங்க போயி குழாயடியில நிக்கிறீங்க."

நான் துறைமுகத்தில் வேலை பார்த்தேன். அங்கே கழித்துப் போட்ட ஒரு டிரம்மைக் கேட்டு வாங்கி வந்து கழுவினேன். தகரத்தை ஓடைபோல வளைத்து ஓட்டு விளிம்பின் கீழே கட்டினேன். பாய் பார்த்தார். பார்த்துவிட்டுக் கடைக்குள் போனார்.

சில நாள் கழித்து, பொழுது சாயும் நேரத்தில் நல்ல மழை. டிரம் நிரம்பியது. மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. தண்ணீர் இல்லையென்று டோபி துணி வாங்க மறுத்த வாரம் அது. பாயின் வெள்ளைச் சட்டையையும் கைலியையும் கேட்டு வாங்கி, அந்தத் தண்ணீரிலேயே ஊறப்போட்டாள். அவர் மனம் இளகட்டும் என்றுதான். மங்கிய வெளிச்சத்தில் தண்ணீரின் நிறம் அவளுக்குத் தெரியவில்லை.

காலையில் பார்த்தால் துணியெல்லாம் அடுப்புக்கரி துடைத்ததுபோல் இருந்தது.

அது சீனர்களின் ஏழாம் மாதம். இறந்தவர்களுக்காகத் தெருவெல்லாம் காகிதம் எரிப்பார்கள். அந்தச் சாம்பல் முழுவதும் எங்கள் ஓட்டில் படிந்திருந்தது. வருடாவருடம் பார்த்தும் எங்கள் இருவருக்கும் அது தோன்றவில்லை. பக்கத்து வீட்டுச் சீன அம்மா மாடிச் சுவருக்கு மேலாகத் துணியைப் பார்த்துச் சிரித்தார். பிறகு மலாயில், கையையும் ஆட்டிச் சொன்னார்: முதல் மழையை வெளியே விடு, ஓடு கழுவட்டும், அப்புறம் பிடி.

துணியைப் பாயிடம் நானே கொண்டுபோய்க் காட்டினேன்.

"இதப் போட்டுக்கிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனா, என்னய அடுப்புலேருந்து எடுத்தாங்களான்னு கேப்பானுங்க," என்றார். கோபமா கேலியா என்று தெரியவில்லை.

ஓடையில் ஒரு கயிறு கட்டினேன். இழுத்தால் ஓடை விலகும். தண்ணீர் சாக்கடைக்குப் போகும். அடுத்த மழையில் மனைவி கயிற்றைப் பிடித்துக்கொண்டே நின்றாள். விழும் தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்த்து, தெளிந்த பிறகுதான் விட்டாள். அந்தத் தண்ணீரில் கொஞ்சம் சோப்புக்கே நுரை பொங்கியது. பாயின் துணி மறுபடி வெளுத்தது. குழந்தைத் துணிக்காக நாங்கள் குழாயடிக்குப் போவது நின்றது.

ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு விடுப்பு. குழாய் வறண்ட நாள். தொழுகைக்கு நேரமாகிவிட்டது. பாய் வெளுத்த சட்டையோடு டிரம்மின் அருகே வந்து நின்றார். குழாயையும் டிரம்மையும் மாறி மாறிப் பார்த்தார். கேட்கக் கூச்சப்படுகிறார் என்பது எனக்குப் புரிந்தது. அந்தக் கூச்சம் எனக்குத் தெரிந்ததுதான்.

"தம்பி, ஒளு எடுக்க ஒரு செம்பு தண்ணி..."

"எடுத்துக்குங்க பாய். உங்க வீட்டு மழைதானே," என்றேன்.

அவரிடம் நான் முழுதாகச் சொன்ன முதல் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். அவர் கை, முகம், கால் கழுவி, ஈரத்தோடு என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனார்.

வேறு அறை பற்றி அதன்பிறகு பேச்சே எழவில்லை. மறுவாரம் வேலையிலிருந்து திரும்பியபோது முற்றத்தில் எங்கள் டிரம்முக்குப் பக்கத்தில் இன்னொரு டிரம் நின்றது. பாய் வாங்கி வைத்தது. மாடியிலிருந்து மனைவி கேட்டாள்:

"பாத்தீங்களா? இப்ப ஓடைய இன்னும் நீட்டணும்."