கப்பலப்புவுக்கு நான் கொடுத்த பதவி உயர்வு

செத்துப்போன ஒரு மனிதருக்கு நான் கப்டன் பதவி கொடுத்திருக்கிறேன். அதுவும் எனக்குப் பெண் கிடைக்க வேண்டும் என்பதற்காக. ஐம்பத்தைந்து வயதில் இதை ஒப்புக்கொள்வது வெட்கம்தான். ஆனால் இப்போது சொந்தக்காரர் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. நானே சொன்னதாகவும் இருக்கட்டும்.

மனிதர் என் அம்மாவின் சித்தப்பா. அப்பு என்றால் தாத்தா; வீட்டில் அவருக்குப் பெயர் கப்பலப்பு. நேவியில் இருந்து செத்தவர் என்றால் எங்கள் பக்கத்தில் கேட்பவரின் முகம் ஒரு மாதிரி மாறும். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது வெள்ளைக்காரனின் நேவி, இரண்டாம் உலக யுத்தம். திருகோணமலையில் கப்பல் ஏறினார், திரும்பி வரவில்லை. கடலில் காணாமற்போனார், இறந்ததாகக் கருதப்படுகிறது என்று ஒரு தந்தி வந்தது. எப்போது என்று அதில் இல்லை. அவருடைய ஒரே மகள் அப்போது தாயின் வயிற்றில் இருந்தார்.

உத்தியோகம் இல்லாமல் யாழ்ப்பாணத்தில் ஒருவர் செத்திருக்கவும் முடியாது. வெள்ளை உடுப்போடு அவர் நிற்கும் ஒரு படம் மட்டும் இருந்தது; அதை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டார் வேலையைத் தொடங்கினார்கள். அம்மாவுக்குக் கலியாணம் பேசியபோது அவர் ஒபிசர் ஆனார். கொடிகாமத்தில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அண்ணைக்குப் பேசியபோது லெப்டினன்ட். என் முறை வந்தபோது, நல்லகாலம், மேலே இன்னும் இடம் இருந்தது. புரோக்கர் முன்னால் நானே வாய் திறந்தேன்: "கப்டன். சலூட் அடிச்சபடி கப்பலோடை கடலுக்குள்ளை தாண்டு போனவர்." எத்தனையோ வருட வாசிப்பால் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை அந்தச் சலூட்.

அந்த வயிற்றுப் பிள்ளைதான் கோப்பாயில் இருக்கும் எங்கள் பெரியம்மா. எண்பது தாண்டிவிட்டது. கலியாணம் செய்யவில்லை, பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்ந்தவர். தந்தி வந்த நாளின் திதியில், புரட்டாதித் தேய்பிறைத் துவாதசியில், ஒவ்வொரு வருடமும் தகப்பனுக்குத் திவசம் செய்விப்பார். ஆண்பிள்ளை இல்லாத வீடு என்பதால் தர்ப்பை போடுவது நான். போன வருடம் அவருக்கு நெஞ்சு வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து வந்த பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நான் போறதுக்கு முதல் அப்பான்ரை சரியான திதியைக் கண்டுபிடிச்சுத் தா. உவ்வளவு காலமும் வேறை ஆற்றையோ நாளிலை அவரைச் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறன். அந்த மனிசன் எந்த வாசலிலை நிண்டுதோ."

நான் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தேன். யுத்தத்தில் இறந்தவர்களின் பெயர்களை வெள்ளைக்காரன் ஒழுங்காக எழுதி, யாரும் தேடிப் பார்க்கும்படி வைத்திருக்கிறான். மூன்று மாதம் தேடினேன். கப்டன்மாரைப் பார்த்தேன், லெப்டினன்ட்மாரைப் பார்த்தேன், எல்லா ஒபிசர்மாரையும் பார்த்தேன். நானே கட்டிவிட்ட கதையை நானே நம்பித் தேடியவன் இந்தக் குடாநாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கடைசியில், ஆள் அகப்படவில்லை என்று சொல்லக் கோப்பாய்க்குப் போனேன்.

பெரியம்மா முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"குசினிப் பக்கம் பாத்தனியே?"

"என்ன குசினி, பெரியம்மா?"

"அப்பா கப்பலிலை கோக்கியெல்லோ."

கப்பல் குசினியில் சமைத்தவரை மூன்று மாதம் ஒபிசர்மாருக்குள் தேடியிருக்கிறேன். "உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"அம்மா சொன்னவ. எனக்குப் பேசி வந்த ஆக்களுக்கும் அம்மா உள்ளதைத்தான் சொன்னவ. 'என்ரை மனிசன் சமைச்சுப் போட்டவர், ஒபிசர் இல்லை' எண்டு. வந்த ஆக்கள் தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போச்சினம். பிறகு வரேல்லை." ஒரு காம்பை எடுத்து எறிந்தார். "நீங்கள் எல்லாரும் உங்கடை கலியாணங்களுக்கு அவரை உயத்திக்கொண்டு போனியள். நான் ஏன் குறுக்கை நிப்பான்?"

இணுவிலுக்கு நான் மோட்டார் சைக்கிளில் திரும்பிய வேகத்தைப் பொலிஸ் கண்டிருந்தால் விட்டிருக்காது. கோக்கிமாரின் பக்கத்தைத் திறந்தேன். பத்து நிமிடம் ஆகவில்லை. பெயர், தகப்பன் பெயர், ஊர், கப்பல், இறந்த நாள், எல்லாம் இருந்தன. இங்கிலாந்தில் ஒரு கடற்கரையில் கல் நட்டு, அதில் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். கப்டன்மாருக்கும் கோக்கிமாருக்கும் ஒரே அளவு எழுத்து. எங்கள் வீட்டில் யாருக்கும் வராத யோசனை.

திவசம் செய்விக்கும் ஐயரிடம் அந்த நாளைக் கொடுத்தேன். அவர் பழைய பஞ்சாங்கக் கட்டை எங்கிருந்தாவது இழுத்தெடுப்பார் என்று பயபக்தியோடு காத்திருந்தேன். அவர் கைபேசியை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினார். "ஆவணி வளர்பிறைச் சஷ்டி. நீங்கள் மூண்டு கிழமை பிந்திச் சோறு குடுத்திருக்கிறியள்."

இந்த வருடம் ஆவணிச் சஷ்டிக்குப் பெரியம்மா ஒருவரையும் விடாமல் அழைத்தார். ஐயர் திதியைக் கேட்டபோது முதன்முறையாக நான் தடுமாறாமல் சொன்னேன். பின்னால் பெரியம்மா அதையே மெல்லச் சொல்லிப் பார்த்தது கேட்டது. சடங்கு முடிந்து எல்லோரும் இலைக்கு முன்னால் உட்கார்ந்ததும், நான் அச்செடுத்துக் கொடுத்திருந்த தாளைப் பெரியம்மா என் கையில் தந்தார்.

"வாசி. கடைசியிலை இருக்கிறவைக்கும் கேக்க வேணும்."

வாசித்தேன். பெயர், கப்பல், பிறகு, "உத்தியோகம்: கோக்கி."

கொடிகாமத்து அண்ணையின் கை பாயாசத்தில் நின்றது. "லெப்டினன்ட் எண்டெல்லோ சொன்னவை?"

"அது உன்ரை கலியாணத்துக்கு," என்றார் பெரியம்மா. "இது அவற்றை திவசத்துக்கு."

அண்ணையின் மனைவி சிரித்துவிட்டார். பிறகு பந்தி முழுவதும் சிரித்தது. கடைசியில் அண்ணையும் சிரித்தார். வேறு வழி இருக்கவில்லை. அந்தச் சிரிப்புக்கு நடுவில் பெரியம்மா நிமிர்ந்து நின்றுகொண்டு, "கப்பல் முழுக்க என்ரை அப்பான்ரை கையாலை சாப்பிட்டது," என்றார். அறுபது வருடத்துக்கு முன் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனவர்கள் யாராவது அன்று அந்த வாசலில் நின்றிருந்தால், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்திருப்பார்கள். பிறகு பெரியம்மாவும் இருந்து சாப்பிட்டார். திவசத்தன்று அவர் இரண்டாம் தரம் சோறு கேட்டதை நான் அன்றுதான் கண்டேன்.

பின்னேரம் வெளிக்கிடும்போது நான் இன்னும் பெருமையில்தான் இருந்தேன். சலூட்டைத் தவிர வேறொன்றும் குறைந்துவிடவில்லை என்று மனைவியிடம் சொன்னேன். அவள் தூக்குச்சட்டியை என் கையில் தந்தாள்.

"கப்டன்ரை பேரன் எண்டு சொல்லித்தான் என்னைக் கட்டித் தந்தவை. கோக்கியின்ரை பேரன் எண்டு தெரிஞ்சிருந்தால், முதல் நாளே உங்களைக் குசினிக்குள்ளை விட்டிருப்பன்."