கரமனை ஆஸ்பத்திரியில் இன்னொரு யூசர்

கரமனை வழியாகப் பஸ் போகும்போது செல்வமணி இன்றும் ஜன்னல் பக்கம் திரும்பமாட்டாள். பயமுறுத்துவதற்காகக் கட்டிய கதை இல்லை இது. நடந்தது. அவள் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

அங்கே ஒரு பழைய ஆஸ்பத்திரி. முப்பது வருஷத்து நோயாளிகளின் விவரம் முழுக்க ஒரே கம்ப்யூட்டரில் கிடந்தது. அதைப் படிக்கும் புரோகிராமை எழுதியவர் வலியசாலை பிச்சுமணி. புது மெஷின் எதிலும் அது ஓடாது. அதனால் அந்தக் கம்ப்யூட்டரையே அச்சு அசலாக நகலெடுத்து, மும்பையில் ஒரு கிளவுட் சர்வருக்குள் ஓடவைக்க ஏற்பாடு. வேலையை எடுத்தவர் கழக்கூட்டத்தில் சின்னக் கம்பெனி நடத்தும் உமாசங்கர். செய்தவள் செல்வமணி, மார்த்தாண்டத்துப் பெண்.

பிச்சுமணி பக்கத்தில் உட்கார்ந்து எல்லாம் சொல்லிக்கொடுத்தார், பாஸ்வேர்டு உட்பட. ஒற்றை விரலால்தான் தட்டுவார். என்டரை அழுத்துமுன் தொண்டையைச் செருமுவார். "கிளவுடுக்குப் போனாலும் நீங்கதான் பார்த்துக்கணும் சார்" என்று உமாசங்கர் வாக்குக் கொடுத்திருந்தார். மனிதர் அதை நம்பினார்.

செல்வமணி அக்கா கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்த் திரும்பினாள். பிச்சுமணி இல்லை.

"சார் எங்க?"

"கோயம்புத்தூர்ல மகன்கிட்ட போயாச்சு. இனி வரமாட்டாராம். நீ தனியா செஞ்சா மதி, அது போதும், கேட்டோ" என்றார் உமாசங்கர், பாதி மலையாளத்தில்.

பிச்சுமணிக்குப் போன் போட்டாள். யாரும் எடுக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாரே என்று மனசு கசந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மழை. ரெக்கார்டு ரூமில் அவள் மட்டும். பழைய கம்ப்யூட்டரை நிறுத்திப் பிளக்கைப் பிடுங்கினாள். வயரைச் சுருட்டி வைத்தாள். லேப்டாப்பில் கிளவுட் நகலைத் திறந்து தன் பெயரில் உள்ளே நுழைந்தாள்.

பீப்... பீப்.

யாராவது உள்ளே நுழைந்தால் பழைய கம்ப்யூட்டர் போடும் சத்தம். கரண்ட் இல்லாத அந்தப் பெட்டிக்குள்ளிருந்துதான் வந்தது.

திரையில் அவள் பெயருக்குக் கீழே இன்னொரு யூசர்: பிச்சு.

கோயம்புத்தூரிலிருந்து நுழைகிறாரோ? புதுச் சர்வரின் முகவரி அவருக்குத் தெரியாதே... அந்த யூசரை வெளியே தள்ளினாள்.

பீப்... பீப்.

மறுபடியும் பிச்சு.

நோயாளி பெயர் போடும் இடத்தில் எழுத்துகள் விழுந்தன. ஒவ்வொன்றாக. ஒற்றை விரல் வேகத்தில்.

'என்னைப் பத்தி என்ன சொன்னான்?'

பதில் அடித்தாள். 'மகன் வீட்டுக்குப் போயிட்டீங்கன்னு.'

பிறகு அவள் காதுக்குப் பின்னால்... தொண்டையைச் செருமும் சத்தம்.

'எனக்கேது பிள்ளை?'

அவள் திரும்பவில்லை.

'நீயும் நம்பினயா?'

ஓடினாள்.

ஆட்டோ பிடித்து வலியசாலைக்குப் போனாள். பிச்சுமணியின் மனைவி மங்கலம் கதவைத் திறந்தாள்.

"நீதான் செல்வமணியா? உங்கிட்ட சொல்லச் சொன்னேனே... வேலை தீந்தாச்சு, இனி வரண்டாம்னு உமாசங்கர் ஃபோன்ல சொன்னான். இவர் பேசாம போய்ப் படுத்துண்டார். காலம்பற எழுந்திருக்கல. அவனே வந்து மாலை போட்டுட்டுப் போனான். நீ ஊருக்குப் போயிருக்கே, தானே சொல்லிக்கறேன்னான்."

"உங்க பையன்..."

"எங்களுக்குக் குழந்தையே கிடையாதுடி அம்மா."

மாலை போட்ட கையோடு வந்து உமாசங்கர் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறார். மறுநாள் செல்வமணி அவர் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

"செத்துட்டாருன்னு தெரிஞ்சா நான் இந்த வேலையைத் தொடமாட்டேன்னுதானே?"

உமாசங்கர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "முதல்ல வேலை முடியட்டேன்னு வெச்சேன்."

அன்றே வேலையை விட்டாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. சர்வரைக் கவனிக்கும் பினுவிடம் அந்த மத்தியானம் யார் யார் உள்ளே இருந்தார்கள் என்று பார்க்கச் சொன்னாள். அவன் திரும்பக் கூப்பிட்டபோது குரல் இறங்கியிருந்தது.

"சேச்சி... அன்னைக்கு நீங்க உள்ள வரவே இல்ல. பிச்சுங்கற யூசர் மட்டும்தான்."

"நான் பதில் அடிச்சேனே, பினு."

"பதிலும் இருக்கு, சேச்சி. அதையும் அந்த யூசர்தான் அடிச்சிருக்கு."