அரக்கு ஜாக்கெட்டுக்குக் காப்பிக் கலர் கை

செந்தமிழ்ச்செல்வி பிறந்தது ரிஷிவந்தியம் பக்கம். வாழ்க்கைப்பட்டது கல்வராயன் மலைமேல், வெள்ளிமலையை ஒட்டிய ஒரு சிற்றூரில். வயது நாற்பத்தாறு. பதினெட்டு வருஷமாக அந்தச் சுற்றுவட்டாரப் பெண்கள் போடும் ஜாக்கெட்டில் பாதி அவள் மிஷினில் ஓடியதுதான். அளவு ஜாக்கெட்டே வேண்டாம், ஆளை ஒரு பார்வை பார்த்தால் போதும் என்று பீற்றிக்கொள்வாள். அதில் பாதி உண்மைதான்.

அப்பேர்ப்பட்டவளுக்குக் கொஞ்ச நாளாக ஊசியில் நூல் கோர்ப்பதே பெரும்பாடாகிவிட்டது. மழைக்காலத்தில் மலையில் பகலும் இருட்டு. கடைக்கு ஜன்னலும் கிடையாது. மிஷினுக்கு மேலே ஒரு குண்டு பல்பு தொங்கும். லோ வோல்டேஜில் அது எரிவதாகப் பேர். உள்ளே கம்பி மட்டும் சிவந்திருக்கும். முன்பு டியூப் லைட் போட்டுப் பார்த்தாள். அது கண்சிமிட்டியதோடு சரி. எல்இடி வாங்கச் சொன்னவர்களுக்கு, "வெள்ளை வெளிச்சம் கண்ணத் தின்னுடுங்க" என்று பதில் சொல்வாள். யாரோ சொன்னதை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. அவள் அம்மா ஆயம்மாளுக்கு இதே வயதில்தான் பார்வை மங்க ஆரம்பித்து, ஐம்பதில் அடியோடு போயிற்று. ஆகவே கண்ணைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அந்தச் சிவப்புக் கம்பிக்கு அடியில் குனிந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். என்ன சொல்வது அவளை.

ஐப்பசியில் இரண்டு துணிகள் ஒன்றாக வந்தன. அரக்கு நிறம் ரெஜினா டீச்சருடையது. மலைப் பள்ளிக்கூடத்தில் வேலை, சொந்த ஊர் கள்ளக்குறிச்சி, தம்பி கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். காப்பிக் கலர் அதே ஊர் இருசம்மாளுடையது. இரண்டையும் வெட்டி, தைத்து, கொக்கியும் வைத்து முடித்தாள். மறுநாள் காலை மழை விட்டிருந்தது. வாசலில் நின்று உதறிப் பார்த்தாள். அரக்கு உடம்பில் காப்பிக் கலர் கை. காப்பிக் கலர் உடம்பில் அரக்குக் கை.

அம்மாவுக்கு வந்தது நமக்கும் வந்துவிட்டது என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மிஷினுக்கு உறை போட்டுக் கட்டினாள். மத்தியானம் திரும்பவும் மழை பிடித்துக்கொள்ள, குடையோடு வந்து நின்றாள் ரெஜினா.

செல்வி எதையும் மறைக்கவில்லை. "கண்ணு போய்க்கினு இருக்குது டீச்சர். இனிமே யார் துணியும் தொடமாட்டேன். உங்க துணியக் கெடுத்துட்டேன், மன்னிச்சிடுங்க."

ரெஜினா ஜாக்கெட்டின் கையைப் பார்த்தாள், பல்பைப் பார்த்தாள். வெட்டி மீந்த துண்டுகளில் நிறத்துக்கு ஒன்றாக இரண்டை வாசல் வெளிச்சத்தில் பார்த்து எடுத்து, முதுகுக்குப் பின்னால் மாற்றி மாற்றிக் குலுக்கி, பல்புக்கு அடியில் நீட்டினாள். தானே உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"எது அரக்குன்னு எனக்கும் தெரியலக்கா. அப்ப எனக்கும் கண்ணு போச்சா?"

ரெஜினா தன் வீட்டுக்குப் போய் ஒரு எல்இடி பல்பைக் கழற்றிக்கொண்டு வந்தாள். "வெள்ளையா இருந்தா இன்னா, கண்ணத் தின்னாது. இருட்டுல தைக்கிறதுதான் உனக்குத் தொல்ல" என்று மாட்டினாள். கரண்டு அதே நோஞ்சான் கரண்டுதான். ஆனால் மிஷின்மேல் பளிச்சென்று வெளிச்சம் விழுந்தது. அரக்கு அரக்காக, காப்பி காப்பியாகப் பிரிந்து நின்றன. செல்வி நூலை எடுத்தாள். முதல் தடவையிலேயே கோர்த்துவிட்டாள். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள்.

"கண்ணு கேம்ப் வரும்போது எதுக்கும் ஒருதரம் காட்டிடுக்கா" என்றாள் ரெஜினா. ஜாக்கெட் கையை மாற்றித் தைக்கிறேன் என்று செல்வி சொன்னதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது அதுதான் ஃபேஷனாம். இருசம்மாளோ தன் அரக்குக் கையைத் தடவிப் பார்த்து, இது இன்னும் எடுப்பாக இருக்கிறது என்று வாங்கிப் போனாள். பழைய குண்டு பல்பையும் செல்வி எறியவில்லை. மார்கழிக் குளிரில் விறைத்த விரலுக்கு அது கொடுத்த சூடு எத்தனை வருஷத்துச் சூடு. துணியில் சுற்றி மேல்தட்டில் வைத்தாள்.

தம்பி கல்யாணம் முடிந்து வந்த ரெஜினா, அந்த ஜாக்கெட்டோடு எடுத்த போட்டோவை நீட்டினாள். செல்வி அதைப் புது பல்புக்கு அடியில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"தோள்கிட்ட தையல் கோணலா ஓடியிருக்குது டீச்சர்" என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக. "கொண்டாங்க, பிரிச்சித் தெச்சித் தரேன்."