நாற்பத்திரண்டாவது லேபிள்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் பாதியிலேயே எழுந்து போய்விடுகிற ஆள் நான். இப்போதும் அப்படித்தான். அதனால் இதைக் கேட்டுவிட்டு நீங்கள் எழுந்து போனாலும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஒன்றை மட்டும் நம்புங்கள், இதில் பயத்தைவிட வெட்கக்கேடுதான் அதிகம், அது முழுக்க என்னுடையது.

தொண்ணூறுகளின் கடைசி. வண்ணார்பேட்டையில், நாள் பூராவும் பஸ் ஹாரன் அடங்காத ரோட்டில், ஒரு ஜவுளிக்கடை மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் சென்டர். நானும் ஜெசிந்தாவும் அங்கே புரோகிராமர்கள். அவள் உவரிக்காரி, கடலுக்குப் போகிறவரின் மகள், டவுனில் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள், வாய்க்கு வாய் அண்ணே என்பாள். பெங்களூரில் ஒரு கம்பெனியிலிருந்து ஆள் எடுக்க வருகிறார்கள், நல்ல புரோகிராம் ஒன்று செய்து காட்டுகிறவருக்கு வேலை, இடம் ஒன்றே ஒன்றுதான் என்று எங்கள் முதலாளி அண்ணாச்சி சொல்லியிருந்தார். ஜெசிந்தா ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பதிகிற மாதிரி ஒரு திரையை விஷுவல் பேசிக் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் செய்திருந்தாள். அத்தனை சுத்தமான வேலை. நான் செய்தது வெளியே சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை.

காட்ட வேண்டிய நாளுக்கு இரண்டு நாள் முன்னால் அவள் அப்பாவுக்கு நெஞ்சுவலி, நாகர்கோவிலில் சேர்த்திருக்கிறார்கள் என்று தகவல் வந்தது. அழுதுகொண்டே கிளம்பினாள். போகும்போது, "என்னோடத நீங்களே காட்டிருங்கண்ணே, நான் செஞ்சதுன்னு மட்டும் சொல்லிருங்க" என்றாள். சரி என்றேன். அந்த நிமிஷம் உண்மையாகத்தான் சொன்னேன், அதையாவது நம்புங்கள்.

காட்டுகிற நாள் வந்தது. மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள், நான் மட்டும் அவள் கம்ப்யூட்டர் முன்னால். முதல் திரையில் இருந்த அவள் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டேன். கை நடுங்கவில்லை, அதைத்தான் என்னால் இன்றும் தாங்க முடியவில்லை. பிறகு ஒரு சந்தேகம், இவள் உள்ளே எங்கேயாவது தன் பெயரை ஒளித்து வைத்திருந்தால்?

கம்ப்யூட்டர் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். திரையில் இருக்கிற ஒவ்வொரு பெட்டியும் பொத்தானும் தன்னைப் பற்றிய விவரங்களைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும், பெயர், இருக்கிற இடம், கண்ணுக்குத் தெரியுமா தெரியாதா என்று. டேக் என்று ஒன்றும் உண்டு, அதில் நாம் என்ன வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம், திரையில் வராது. பத்து வரி எழுதினால் போதும், எல்லாவற்றையும் பட்டியலாகக் கேட்டு வாங்கிவிடலாம். கேட்டேன். மொத்தம் நாற்பத்தொன்று. நாற்பத்தொன்றின் டேக்கிலும் ஜெசி, ஜெசி, ஜெசி. சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டி வைப்பார்களே, அந்த மாதிரி. ஒன்று விடாமல் அழித்தேன்.

அழித்தது சரியா என்று பார்க்க அந்தப் பத்து வரியை மறுபடி ஓட்டினேன். நாற்பத்திரண்டு வந்தது.

கடைசியாக ஒரு லேபிள், அதாவது திரையில் எழுத்து காட்டுகிற பெட்டி. பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. பெயர் இல்லாமல் அங்கே எதுவும் இருக்கவே முடியாது. இடம், திரையின் நட்டநடு. கண்ணுக்குத் தெரியுமா என்றால், தெரியும் என்கிறது. திரையைப் பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை. டேக்கில், இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக ஒரு வரி. அப்பா போயிட்டாவ அண்ணே.

ஃபைலைத் திறந்து வரி வரியாகத் தேடினேன், அப்படி ஒரு லேபிளே கிடையாது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு ஓட்டினேன், மறுபடி வந்தது. ஏதோ பழைய எழுத்து உள்ளே தங்கியிருக்கும் என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைக்கப் பார்த்தேன். அப்பாவுக்கு முடியவில்லை என்று கேட்டதும் கைப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடினவள், அதற்கப்புறம் அந்த நாற்காலியில் உட்காரவே இல்லை. மணி மூன்று பத்து.

எங்கள் பக்கம் வீட்டுக்குக் கிளம்பிப் போனாலும் போயிட்டாவதான், செத்துப் போனாலும் போயிட்டாவதான். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போய்விட்டார் போல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொண்டால்தான் நாலு மணிக்கு என்னால் எழுந்து நின்று காட்ட முடியும்.

அண்ணாச்சி வந்து, "என்னலே, மொகம் வெளிறிக் கெடக்கு, முடிஞ்சிட்டா?" என்று கேட்டார். முடிஞ்சிட்டு என்றேன். பெங்களூர்க்காரர் பார்த்தார், தட்டிக் கொடுத்தார், முழுக்க நீங்களே செய்ததா என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேலை எனக்குக் கிடைத்தது. பட்டியலை அதற்கப்புறம் ஓட்டிப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

பத்து நாள் கழித்து ஹாஸ்டலைக் காலி செய்ய ஜெசிந்தா வந்தாள். இனி ஊரோடுதான், தம்பி தங்கச்சியைப் பார்க்க வேறு ஆள் இல்லை என்றாள். அப்பா இறந்தது நான் புரோகிராமைக் காட்டின அதே நாள், மத்தியானம் மூன்று மணி சுமாருக்கு. வேலை எனக்குக் கிடைத்ததை அண்ணாச்சி சொல்லியிருப்பார், ஆனாலும் அவள் அப்பாவைப் பற்றித்தான் பேசினாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"அப்பா போன ஒடனே ஒங்ககிட்டதாண்ணே சொல்லணும்னு தோணிச்சு. போன் பண்ணக் கைல தெம்பு இல்ல. மனசுக்குள்ளயே சொல்லிட்டேன். எப்படியும் வந்துருவீங்கன்னு அடக்கம் முடியுற மட்டும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன்."

நீ சொன்னது எனக்கு வந்து சேர்ந்தது என்று தொண்டை வரைக்கும் வந்தது. சத்தியமாக வந்தது. ஆனால் அதைச் சொன்னால், எங்கே வந்தது, அந்தப் பட்டியலை நான் எதற்காக எடுத்தேன் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

"எனக்கு யாருஞ் சொல்லலியே ஜெசிந்தா" என்றேன்.

"யாருமே சொல்லலியாண்ணே?" என்று பைய கேட்டுவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் இறங்கிப் போனாள். தெரிந்துதான் கேட்டாளா, தெரியாமல் கேட்டாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.