ஆறு படியும் ஒரு சாய்தளமும்

வீட்டு வரைபடம் போட்டு அனுமதி வாங்கித் தருகிற எங்கள் தொழிலில் வரைவதற்கு இரண்டு நாள் போதும். கையெழுத்துக்கு எத்தனை நாள் என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். நகரமைப்புப் பிரிவின் பெஞ்சில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மாதக் கடைசி

உறையூரில் நூர்ஜஹான் என்ற பெண்ணுக்குத் தபால் ஆபீஸில் வேலை கிடைத்திருந்தது. சின்ன வயதிலிருந்தே வீல்சேர். தெருவில் இறங்க வேண்டுமானால் தம்பி ரஃபீக் நாற்காலியோடு தூக்கி இறக்க வேண்டும். அந்தத் தம்பிக்கு மாதக் கடைசியில் ஷார்ஜாவுக்கு டிக்கெட். அதற்குள் ஒரு சாய்தளம் வேண்டும் என்றார்கள்.

முன்பக்கம் இடமே இல்லை. வீட்டோடு சேர்ந்த பக்கவாட்டுச் சந்து காலி. அதுவோ விதிப்படி எதுவும் கட்டாமல் விட வேண்டிய இடம். விலக்கு கேட்டு மனு எழுதலாம் என்றேன். நூர்ஜஹான் கொஞ்சம் யோசித்தார். "கிடைக்காதுன்னா இப்பவே சொல்லிடுங்க சார். அவன் டிக்கெட்டை கேன்சல் பண்ணணும்."

முப்பத்தாறு அடி

ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளக் கணக்கு. வீட்டின் பழைய வரைபடத்தில் வாசல் மூன்றடி உயரம், ஆறு படி என்றிருந்தது. அதை அப்படியே எடுத்து முப்பத்தாறு அடிக்கு வரைந்தேன். சந்தின் நீளமோ முப்பது. மீதி ஆறடி தெருவில் நீட்டிக்கொண்டிருந்தது. கேட்பதே கேட்கிறோம், இதையும் சேர்த்துக் கேட்போம் என்று ஓர் அசட்டுத் தைரியம்.

மனுவைப் பார்த்த நகரமைப்பு ஆய்வாளர் ஒரு பெண்மணி. வரைபடத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "இதுல அந்தம்மா இறங்குறதுக்கு முன்னாடி ஆட்டோ ஏறி வீட்டுக்குள்ள வந்துடும்ங்க."

மீதி நாலு

மனுவைத் திருப்பி அனுப்புவதற்கு முன் இடத்தைப் பார்த்துவிடுகிறேன் என்று அவரே வந்தார். நானும் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன். வாசலில் டேப்பைப் பிடித்தார். சரியாக ஓர் அடி. படி இரண்டே இரண்டு.

பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டதில் தெரு உயர்ந்திருந்தது. சந்தையும் மண்ணடித்து மேடாக்கியிருந்தார்கள். நான் இரண்டு தடவை அங்கே வந்து டீ குடித்திருக்கிறேன்; டேப்பைப் பையிலிருந்து எடுத்ததில்லை. ஆறு படியில் மீதி நாலு எங்கே என்று அவர் கேட்டார். ரஃபீக்தான் பதில் சொன்னான். "ரோட்டுக்கு அடியில இருக்குங்க மேடம்."

காலி இடம்

மூன்றடி ஓரடியானதும் முப்பத்தாறு பன்னிரண்டாகிச் சாய்தளம் சந்துக்குள்ளேயே அடங்கிவிட்டது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூரை போடுவீர்களா, சுவர் எழுப்புவீர்களா என்று ஆய்வாளர் கேட்டார். கைப்பிடிக் கம்பி மட்டும்தான் என்றேன். மறுநாளே புது வரைபடம் கொடுத்தேன். அவரே குறிப்பெழுதி மேலதிகாரியிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், விதி இடிக்காதா என்று கேட்டுவிட்டேன். "ஆள் போக வரத்தானேங்க அதைக் காலியா விடச் சொல்லியிருக்கு? அந்தம்மாவும் போயிட்டு வரட்டும்."

பெட்டி

சிமெண்ட் காய்ந்த நாலாம் நாள் ரஃபீக் கிளம்பினான். வழியனுப்ப நானும் போயிருந்தேன். ஆட்டோ வந்ததும் அவன் பழக்கதோஷத்தில் அக்காவைத் தூக்க உள்ளே போனான். அங்கே நாற்காலியைக் காணோம். நூர்ஜஹான் தானே சந்து வழியாக இறங்கி, ஆட்டோ பக்கத்தில் காத்திருந்தார். வாசலுக்கு வந்து அதைப் பார்த்தவனுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். அவர் தெருவிலிருந்தே சொன்னார். "என்னைத் தூக்கினது போதும்டா. பெட்டியைத் தூக்கிட்டு வா, ஃப்ளைட்டுக்கு நேரமாச்சு."

இப்போதெல்லாம் யார் வீட்டுக்குப் போனாலும் எனக்கு முதலில் டேப், அப்புறம்தான் டீ.