கரைவலைக்காரருக்குச் சமாதானப் பாடம்

ஞாயிறு மறைக்கல்வி படிப்பிக்கிற வேலைக்குச் சம்பளம் கிடையாது. அதற்குப் பதிலாக ஊர்ச்சனம் முழுவதும் மேற்பார்வையாளராகக் கிடைக்கும். வெண்கட்டியும் கையுமாக நின்று வேர்த்துப்போனவர்களே, உங்களுக்கு இது புதிதல்ல. நான் படிக்கிற கம்பஸ் மூடிக் கிடந்த ஒரு மார்கழியில், "சும்மாதானே இருக்கிறீர்" என்று கன்னியர்மடத்துச் சிஸ்ரர் நாலாம் வகுப்பை என் தலையில் கட்டினார். பாடம்: கிறிஸ்து பிறப்பும் சமாதானமும். மன்னார்த் தீவில், அதுவும் கரைவலை இழுக்கிறவர்களின் பிள்ளைகளுக்கு!

ஒரே பிள்ளை

வகுப்பில் டிலானியும் ஜெனிற்றாவும் அண்ணன் தம்பி பிள்ளைகள். ஒரே வாங்குப் பலகையில் ஆளுக்கொரு அந்தலையில் இருப்பார்கள். கரையில் வலை வளைக்கிற முறை இன்றைக்கு யாருக்கு என்ற சண்டையில் தகப்பன்மாருக்கிடையில் இரண்டு வருடமாகக் கதைபேச்சு இல்லை. பிள்ளைகளும் கதைக்கக்கூடாது என்பது இரண்டு வீட்டுச் சட்டம்.

நான் குரலைக் குழைத்து, "பாலன் யேசுவைப் பாருங்கோ, அவருக்கு ஒருத்தரோடையும் சண்டை இல்லை" என்றேன். ஜெனிற்றா யோசித்துவிட்டுக் கேட்டாள்: "அவர் ஒரே பிள்ளைதானே ரீச்சர், ஆரோட சண்டை வரும்?"

காவுகிறவள்

மோதல் தீர்ப்பது பற்றி ஒரு முழு விரிவுரை கேட்டவள் அல்லவா நான்? டிலானியைத் தனியே கூப்பிட்டு விசாரித்தேன். பள்ளிக்கூடக் கிணற்றடியில் இரண்டு பேரும் ஒளித்து நின்று கதைப்பார்களாம். யாரோ ஒரு புண்ணியவான் தகப்பனுக்குச் சொல்லி, பிள்ளைக்கு அடி விழுந்திருக்கிறது. இனிக் கிணற்றடியும் இல்லை.

"உனக்கு அவளோட என்ன கோவம்?" என்று பெரிய நிபுணர்போலக் கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எனக்கு ஒரு கோவமும் இல்லை ரீச்சர். அப்பான்ர கோவத்தைத்தான் காவிக்கொண்டு திரியிறன்."

பக்தியான ஏற்பாடு

பூசை நடுவில் பாதர் சமாதானம் சொல்லச் சொன்னால், எங்கள் சனம் பக்கத்தில் நிற்கிறவரைப் பார்த்துக் கைகூப்பும். ஆகவே கோபக்காரர் பக்கத்தில் நிற்கவே மாட்டார்கள். டிலானியின் பெரியப்பா, அதாவது ஜெனிற்றாவின் தகப்பன், பீடத்தடியில். டிலானியின் தகப்பன் கடைசி வாங்கில். நடுவில் ஒரு கோயில் நிறையச் சமாதானம்!

நான் வகுப்பில் அடித்துச் சொன்னேன்: "கோவமில்லாத ஆளுக்குச் சமாதானம் சொல்லுறது நடிப்பு. கோவமான ஆளைத் தேடிப் போய்ச் சொல்லுங்கோ." யன்னலடியில் நின்று கேட்ட சிஸ்ரர் என்னை வெளியே கூப்பிட்டார். "பிள்ளை, பாடத்தை வகுப்போட வைச்சுக்கொள்ளும். கோயிலுக்குள்ள கொண்டு வராதையும்."

அனுப்பினது ஆர்?

கிறிஸ்மஸ் காலைப் பூசை. பாதர் சமாதானம் சொல்லச் சொன்னதுதான் தாமதம், பிள்ளைகளின் வரிசையிலிருந்து டிலானி வெளியே வந்தாள். புதுச் சட்டை சரசரக்க நேரே போய்ப் பெரியப்பா முன்னால் நின்று கைகூப்பினாள். "சமாதானம், பெரியப்பா."

பாட்டுக்காரர் பாட்டை விட்டுவிட்டார்கள். வெளியே ஒரு கழுதை கத்தியது மட்டும் கேட்டது. ஊரே பார்க்கிறது, மனுசன் வேறு வழியின்றிக் கையைக் கூப்பிக்கொண்டே, "கொப்பனோ அனுப்பினவன்?" என்றார்.

"இல்லைப் பெரியப்பா, ரீச்சர்தான் சொன்னவ."

வாசலடி வழக்கு

பூசை முடிய, அண்ணன் ஒரு பக்கத்தாலும் தம்பி மற்றப் பக்கத்தாலும் வந்து என்னை மறித்தார்கள்.

"எங்கட வீட்டு விசயத்தில தலையிட நீர் ஆர்?" என்றார் தம்பி.

"அப்பிடிக் கேள்!" என்றார் அண்ணன். இரண்டு வருடத்தில் தம்பியிடம் சொன்ன முதல் வார்த்தை.

நான் விட்டேனா? கடல் யாருக்குச் சொந்தம் என்பதில் தொடங்கி, பிள்ளைக்கு அடித்தது எவ்வளவு பெரிய அநியாயம் என்பதுவரை வந்தேன். வெய்யில் ஏறியது. அவர்களுக்குப் பின்னால் இரண்டு சிறுமிகளும் கைகோத்துக்கொண்டு குசுகுசுத்தார்கள், ஒருவரும் அதட்டவில்லை. நான் ஐந்தாவது நியாயத்துக்கு மூச்செடுக்கையில் அண்ணன் தம்பியின் தோளில் கையைப் போட்டார்.

"இவவோட கதைச்சு முடியாதடா தம்பி. பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வீட்டை வா."

சமாதானம் செய்து வைக்கிறவளுக்குப் பரலோகத்தில் என்ன பட்டம் வைத்திருக்கிறார்களோ தெரியாது, எங்கள் ஊரில் அன்றைக்கே கொடுத்துவிட்டார்கள்: வாய்க்காரி.