துண்டில் முடிந்த மண்

பிழைக்கிற நாய்களை மற்றவர்கள் எடுத்துப் போவார்கள். பிழைக்காதவை என்னிடம் வரும். அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், அப்பா முன்பு பருத்தி மூட்டை அடுக்கிய தகரக் கொட்டகைதான் அவற்றின் கடைசி இடம். "ஊருல உள்ளவளுக வளக்கிறதுக்கு நாய் கொண்டாருவாளுக. எம் மக பொதைக்கிறதுக்குக் கொண்டாருவா" என்பாள் அம்மா. சொல்லிக்கொண்டேதான் அவற்றுக்குக் கஞ்சி காய்ச்சுவாள்.

நான் படித்தது சிவில் டிப்ளமோ. சாலைப் பணிக்கு மண் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை. எண், எடை, ஈரம் என்று எழுதிப் பழகியதால் எதையும் வரிசைப்படுத்தினால்தான் எனக்குக் கை ஓடும். சாகப்போகும் நாய்க்கும் ஒரு வரிசை மனதில் உண்டு. சாக்கின் மேல் பழைய நூல்சேலை. ஒரே பக்கம் கிடந்து புண்ணாகாமல் புரட்டிப் போடுவது. ஈரப் பஞ்சால் உதட்டை நனைப்பது. மற்ற நாய்களின் குரைப்பு கேட்காமல் கதவைச் சாத்துவது. கடைசியாக, அதற்குத் தெரிந்த ஆள் ஒருவர் பக்கத்தில் இருப்பது. அந்த ஆள் பெரும்பாலும் நானாகத்தான் இருப்பேன். தெருவில் கிடந்தவற்றுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

இந்தச் செவலை நாய்க்கு ஒருவர் இருந்தார். தை மாதம் திருச்சுழி சாலையோரத்தில் தொடை கிழிந்து கிடந்ததை ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் படுக்க வைத்துக் கொண்டுவந்தேன். வாட்ஸ்அப்பில் அதன் படம் சுற்றி, சில நாள் கழித்து ஒருவர் மொபெட்டில் தேடி வந்தார். ஐம்பது தாண்டிய சம்சாரி, சொந்தக் காட்டில் விவசாயம். மக்காச்சோளக் காட்டில் காட்டுப்பன்றியை விரட்டப் போய்க் குத்து வாங்கியதாம். வலி தாங்காமல் எங்கேயோ ஓடியதை ஊர் ஊராகத் தேடியிருக்கிறார்.

"பொழைச்சிருமா தாயி?"

"பாப்போம்யா."

அறுவடைக்கு நடுவிலும் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார். அவர் மொபெட் தெருமுனையில் திரும்பும்போதே நாயின் காது நிமிர்ந்துவிடும்.

தொடைப் புண் ஆறியது. ஆனால் சிறுநீரகம் கெட்டுவிட்டது. மாசிக் கடைசியில் தண்ணீர்கூட உள்ளே இறங்கவில்லை. தூக்கி நிறுத்தினால் விழுந்தது. தெருவில் எந்த மொபெட் போனாலும் காதை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டுத் தொங்கப் போட்டது. இனி வைத்திருப்பது வதை, நாளை மதியம் வந்து ஊசி போட்டுவிடுகிறேன் என்றார் கால்நடை மருத்துவர். நான் அந்தச் சம்சாரிக்குப் போன் செய்தேன்.

"நாளைக்கு மத்தியானம் டாக்டர் வாராக. அதுக்கு முன்னாடி நீங்க வந்து பக்கத்துல இருக்கணும்யா. அது உங்களைத்தான் தேடுது."

அந்தப் பக்கம் வெறும் மூச்சு வாங்கும் சத்தம். பிறகு, "வேலை கெடக்கு தாயி" என்றார். வைத்துவிட்டார்.

கதிர் ஒடித்து முடித்த காட்டில் அப்படி என்ன வேலை? எனக்கு ஆத்திரமாக வந்தது. "காவலுக்கு மட்டும் வேணுமாக்கும்" என்று அம்மாவிடம் கத்தினேன்.

"ஏண்டி, அவுக வந்து பாத்துட்டு எப்படித் தாங்குவாக? அதான் வரல" என்றாள்.

மறுநாள் மருத்துவர் வந்து, மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தார். நாயின் தலையை என் மடியில் வைத்திருந்தேன். தெருவில் மொபெட் சத்தம். காது நிமிர்ந்தது. இந்த முறை இறங்கவில்லை.

உள்ளே வந்த சம்சாரியின் கையில் துண்டு ஒன்று முடிச்சாக இருந்தது. அம்மா அதைப் பார்த்ததும், "மண்ணா கொண்டாந்தீக?" என்றாள். எங்கள் பக்கத்தில் மனிதர்கள் உயிர் பிரியாமல் இழுத்துக்கொண்டு கிடந்தால், அவர்கள் உழுத நிலத்து மண்ணைக் கரைத்து ஒரு சொட்டு வாயில் விடுவது உண்டு.

நான் அவசரமாகக் கையை நீட்டித் தடுத்தேன். "வாயில எதுவும் விடாதீகய்யா. முழுங்க முடியாது. மூச்சு முட்டிரும்."

"இல்லத்தா, ஊத்தல. மோந்து பாக்கட்டும்னுதான்."

முடிச்சை அவிழ்த்து அதன் மூக்கருகில் வைத்தார். கரிசல் மண். ஒரு கட்டியை விரலால் அமுக்கினேன். நசுங்கி, விரலில் ஒட்டியது. மாசி வெயிலில் காட்டின் மேல்மண் வெடித்து ஓடாகக் கிடக்கும். இந்த ஈரம் முழங்கால் ஆழத்துக்கும் கீழே தோண்டினால்தான் கிடைக்கும். அவர் உள்ளங்கைகளைப் பார்த்தேன். கடப்பாரை பிடித்த கொப்புளங்கள் உடைந்து சிவந்திருந்தன.

"எங்கய்யா வெட்டியிருக்கீக?"

"வேம்படியில. அதுதான் அது படுக்கிற எடம். நேத்து நீ போன் பண்ணுறப்ப பாதிக் குழியில நின்னேன்." துண்டின் ஓரத்தை நீவினார். "உசுரோட இருக்கையிலயே குழி வெட்டுறியேன்னு வீட்டுல ஒரே ஏச்சு. காஞ்ச கரிசல் தாயி, லேசுல எறங்காது. செத்த பெறகு வெட்ட ஆரம்பிச்சா, அதுவரைக்கும் அதை வெயில்லயா போட்டு வைக்க?"

என் மடியிலிருந்த தலையை அவர் மடிக்கு மாற்றினேன்.

மூக்கு அசைந்தது. மூச்சை உள்ளே இழுத்தது, இன்னொரு முறை இழுத்தது. பிறகு தாடையை அந்த மண்ணின் மேலேயே வைத்துக்கொண்டது. மருத்துவர் மயக்க ஊசியைப் போட்டார். காது மட்டும் இன்னும் விறைப்பாக நின்றது. சம்சாரி குனிந்து, காட்டில் பேசுகிற குரலிலேயே பேசினார்.

"ஏலே, படு. பண்ணி ஒண்ணையும் காணோம். நான் பாத்துக்கிறேன், நீ படுலே."

காது மெல்லச் சாய்ந்தது. அடுத்த ஊசிக்குப் பிறகு, நெஞ்சில் கை வைத்துப் பார்த்த மருத்துவர் தலையசைத்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நூல்சேலையோடு சுற்றி, யூரியாச் சாக்கில் வைத்துக் கட்டிக் கொடுத்தேன். நாயின் எச்சில் பட்ட மண்ணை அவர் ஒன்றுவிடாமல் வழித்துத் துண்டில் முடிந்தார். "குழிய மூடுறப்ப இதையும் சேத்துப் போட்டுருவேன்" என்றார். அம்மா கொண்டுவந்த காப்பியை, "எறங்காதும்மா" என்று கும்பிட்டு மறுத்துவிட்டார்.

வாசலில் நின்று பார்த்தேன். சாக்கை முன்னால் வைத்து ஒரு கையால் அணைத்தபடி போனார். தெருமுனை வேகத்தடையில் வண்டியை நிறுத்தி, இரண்டு காலையும் ஊன்றி, அலுங்காமல் ஏற்றி இறக்கினார். கிழிந்த தொடை வலிக்குமென்று, அதைக் கொண்டுவந்த அன்று அந்த இடத்தில் நானும் அப்படித்தான் செய்தேன்.